இறைச்சியை விட்டு வாருங்கள், கருவாட்டைக் கொண்டு வாருங்கள்: ஊருக்குப் போய் லண்டன் திரும்புகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் விடுமுறையின் கடைசி இரவு எந்த வீட்டிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். கூடத்தின் நடுவே சூட்கேஸ் திறந்து கிடக்கும். பக்கத்தில் கொழுவித் தூக்கும் சின்னத் தராசு. மிளகாய்த்தூள், ஒடியல்மா, எள்ளுருண்டை என்று ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். கடைசியில் அம்மா அடுப்படியிலிருந்து ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவுடன் வருவார். தண்ணீர் முழுவதும் வற்றும்வரை பிரட்டிய ஆட்டிறைச்சி. "ஒரு கிழமைக்குக் கெடாது, கொண்டு போ" என்பார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

நான் லண்டனுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் அப்படி ஒரு டப்பாவைக் கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் என்னை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, அந்த டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி மரியாதையாகவே பேசினார். விதி என்னவென்றே நான் தெரிந்து வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அன்று இரவு அம்மா தொலைபேசியில் "சாப்பிட்டாயா, உறைப்பு அளவாக இருந்ததா?" என்று கேட்டார். அளவாக இருந்தது என்றேன். அந்தப் பொய்யைப் புதிதாக வருகிறவர்கள் யாரும் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்குப் பொருந்தும். வட அயர்லாந்துக்கு வேறு விதிகள் இருக்கின்றன. படிப்புக்கோ வேலைக்கோ வந்து, முதல் முறை ஊருக்குப் போய்த் திரும்பப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சென்னை, மதுரை எங்கிருந்து வந்தாலும் விதி ஒன்றுதான்.

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறைச்சி எதுவும் கொண்டுவர முடியாது. பாலும் பாற்பொருள்களும் அப்படியே. அளவு ஒரு பொருட்டல்ல. அரைக் கிலோதான், எனக்கு மட்டும்தான், சமைத்ததுதான், கடையில் சீல் வைத்ததுதான் என்ற எந்தக் காரணமும் எடுபடாது. வழியில் தோஹாவிலோ துபாயிலோ டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கினாலும் இதே கதைதான்.

மீனுக்கு விதி வேறு. ஓர் ஆளுக்கு 20 கிலோ வரை கொண்டுவரலாம். பச்சை மீன் என்றால் குடல் நீக்கியிருக்க வேண்டும். காய வைத்தது, சமைத்தது, உப்பிட்டது, புகையூட்டியது எல்லாம் இந்த 20 கிலோவுக்குள் அடங்கும். இறாலும் சிங்கி இறாலும் இதிலேயே வரும். பலருக்கு இது தெரியாது. இறைச்சி போனதும் பயந்துபோய், அடுத்த முறை கருவாட்டையும் விட்டுவிட்டு வெறும் தூளோடு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லாத இழப்பு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு

விதியின் காரணம் தெரிந்தால்தான் வீட்டில் எடுத்துச் சொல்ல முடியும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோமாரி நோய் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வரும், எச்சில் ஒழுகும், தீனி எடுக்காது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவிப் பார்த்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அது அவ்வப்போது வந்து போகிற நோய். பிரிட்டனில் அது இல்லை. வந்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு 2001-இல் அனுபவித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளிடம் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் தொடக்கம் வடக்கே நார்தம்பர்லாந்தில், ஹெடன் ஆன் த வால் என்ற ஊரில் இருந்த ஒரு பன்றிப் பண்ணை என்று பின்னர் தெரிந்தது. அங்கே பன்றிகளுக்கு உணவகங்களின் எச்சத்தைச் சரியாகக் காய்ச்சாமல் தீனியாகப் போட்டிருந்தார்கள். அந்த எச்சத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த நோயுள்ள இறைச்சி இருந்திருக்கலாம் என்பதே விசாரணையாளர்களின் முடிவு.

அதன் பிறகு நடந்தது பெருந்துயரம். 60 லட்சத்துக்கும் அதிகமான ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். அவற்றில் பெரும்பாலானவை நோய் வந்தவை அல்ல. பரவாமல் தடுப்பதற்காகக் கொல்லப்பட்டவை. வயல்வெளிகளில் பிணக்குவியல்கள் நாட்கணக்கில் எரிந்தன. கிராமங்களின் நடைபாதைகளை மூடினார்கள். மே மாதம் நடக்கவிருந்த பொதுத் தேர்தலே ஜூன் 7-க்குத் தள்ளிப்போனது.

கோமாரி பொதுவாக மனிதரைத் தாக்குவதில்லை. அதனால்தான் "நாங்கள் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் இங்கே பொருந்தாது. கறி சாப்பிட்டவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் எறிந்த எலும்பைக் கடித்த பன்றிக்குத்தான் ஆகும். எலும்பு மச்சையில் அந்தக் கிருமி நீண்ட நாள் தங்கும். குளிர்பெட்டியில் வைத்தாலும் சாகாது. பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இன்னும் பிடிவாதமானது. உப்பிட்டுக் காயவைத்த பன்றி இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே உப்புக்கண்டம் காய்ந்ததுதானே, அதில் என்ன கிருமி இருக்கப்போகிறது என்று நினைக்க வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சமையலறை எச்சத்தைப் பன்றிக்கோ கோழிக்கோ ஆட்டுக்கோ போடுவது இந்த நாட்டில் குற்றம். நண்பர் வீட்டுத் தோட்டத்தில் நான்கு கோழிகள் நின்றாலும் மிஞ்சிய சோற்றை அவற்றுக்குப் போடாதீர்கள். ஊரில் அது நல்ல பழக்கம். இங்கே 2001-க்குப் பிறகு அதை அப்படிப் பார்க்க முடியாது.

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு: பிரித்து வையுங்கள்

கடைசி இரவில் முடிவெடுக்காதீர்கள். கடைசி இரவில் அம்மாக்கள்தான் வெல்வார்கள். நான்கு நாள் முன்பே கொண்டுபோக நினைக்கிற உணவு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல் வரவே கூடாதவை. ஆடு, மாடு, பன்றி, கோழி எதுவானாலும் இதில் சேரும். இறைச்சிப் பிரட்டல், உப்புக்கண்டம், மட்டன் ஊறுகாய், கோழி ஊறுகாய், இறைச்சி ரோல்ஸ், பற்றிஸ், கடையில் கட்டிக் கொடுத்த பிரியாணி எல்லாமே. பால் பக்கத்தில் நெய், வெண்ணெய், தயிர், பால்கட்டி, பால்மா. வீட்டில் உருக்கிய நெய்யை விட்டுவிட்டு வருவது பலருக்கு இறைச்சியை விடுவதைவிடக் கடினம். ஆனால் விதி விதிதான். குழந்தையோடு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. குழந்தைக்கான பால்மாவும் குழந்தை உணவும் 2 கிலோ வரை கொண்டுவரலாம். அது குளிர்பெட்டியில் வைக்கத் தேவையில்லாததாகவும், கடையில் விற்கிற பெயர் பொறித்த அடைப்பில் பிரிக்காமலும் இருக்க வேண்டும். பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிற டின் என்றால் திறந்திருக்கலாம். உருளைக்கிழங்கும் இந்த முதல் குவியலைச் சேர்ந்ததுதான்.

இரண்டாம் குவியல் தயங்காமல் வரக்கூடியவை. கருவாடு, மாசி (அவித்துக் காயவைத்த சூரை மீன்), மீன் ஊறுகாய், இறால் ஊறுகாய், மாசி போட்ட சீனிச்சம்பல், மிளகாய்த்தூள், மாங்காய் எலுமிச்சை ஊறுகாய்கள், முறுக்கு, பயற்றம் பணியாரம், பிஸ்கட், பாண், கிரீம் பூசாத கேக். பாக்கெட் சூப்பும் சூப் கட்டியும் வரலாம். இறைச்சித் துண்டு கலக்காத நூடுல்ஸ் வரலாம். தேன் 2 கிலோ வரை வரலாம்.

மூன்றாம் குவியல் யோசிக்க வேண்டியவை. சாக்லேட்டும் மிட்டாயும் அனுமதிக்கப்பட்டவை. ஆனால் பதப்படுத்தாத பாலில் செய்தவை கூடாது என்கிறது விதி. அப்படியானால் மைசூர்பாகு? லட்டு? பால்கோவா? நான் பின்பற்றுகிற வழி இது. கடலைமாவும் சர்க்கரையும் சேர்ந்து, கடையில் அடைத்து, மேலே பொருள்பட்டியல் அச்சிட்டிருந்தால் கொண்டு வருவேன், கேட்டால் காட்டுவேன். பாலைச் சுண்டக் காய்ச்சியதையே இனிப்பென்று சொல்கிற பால்கோவா போன்றவற்றை வைக்க மாட்டேன். மோர்மிளகாயையும் இந்தக் குவியலிலேயே வைக்கிறேன். கொண்டு வந்தால் விமான நிலையத்தில் பொருளை அறிவிப்பதற்கென்று இருக்கும் சிவப்பு வழியில் போய்க் காட்டிவிட்டுத்தான் வருவேன்.

மசாலா பாக்கெட்டுகளைப் பற்றி ஒரு சொல். மட்டன் மசாலா, கோழிக் கறித்தூள் பாக்கெட்டுகளில் தட்டு நிறையக் கறியின் படம் இருக்கும். உள்ளே இருப்பது மல்லியும் மிளகாயும்தான். தமிழ் படிக்காத அதிகாரிக்கு அந்தப் படம்தான் முதலில் தெரியும். அதனால் அவற்றைப் பிரித்து வேறு போத்தலில் கொட்டிக் கொண்டுவராதீர்கள். ஆங்கிலத்தில் பொருள்பட்டியல் உள்ள அசல் பாக்கெட்டாகவே இருக்கட்டும்.

முதல் குவியலை என்ன செய்வது? வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதற்கும் நான்கு நாள் வேண்டும்.

கருவாட்டை எப்படிக் கட்டுவது

கருவாடு விதிப்படி வரலாம் என்பதால் எப்படியும் கொண்டுவரலாம் என்று அர்த்தமில்லை. நாறிக் கசிந்து, சூட்கேஸில் இருக்கும் மற்றத் துணியெல்லாம் கெட்டு, திறந்து பார்க்கிற அதிகாரி முகம் சுளிக்கும்படி வருகிற கருவாடு நமக்கே மரியாதை இல்லை.

வாங்கும்போதே நன்றாகக் காய்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். வளைத்துப் பார்த்தால் விறைப்பாக இருக்க வேண்டும். அரை ஈரமாக இருப்பதை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து மணலைத் தட்டி, தூரிகையால் துடைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். மணல் ஒட்டியிருந்தால் அதுவே ஒரு கேள்வியாகும். ஊர் மண்ணும் கிருமியோடு வரக்கூடியதுதானே. வண்டு துளைத்த கருவாட்டை ஒதுக்கிவிடுங்கள். பிறகு இரண்டு நாள் குளிர்பெட்டியின் உறைதட்டில் வைத்து எடுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற முட்டைகளும் பெரும்பாலும் செத்துவிடும்.

கட்டுவதற்குப் பத்திரிகைத்தாள் முதல் சுற்று. அதன்மேல் தடித்த பொலித்தீன் பை, காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டியது. அதன்மேல் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, மூடியைச் சுற்றி டேப். ஐஸ்கிரீம் டப்பா இதற்குச் சரிவராது. அதன் மூடி விமானத்தில் தானாகக் கழன்றுவிடும்.

டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் ஒரு துண்டு ஒட்டுங்கள். ‘டிரைட் ஃபிஷ்’ என்றும், மாசிக்கு ‘மால்டிவ் ஃபிஷ்’ என்றும், கூடவே எடையும் எழுதினால் போதும். அப்படி எழுதியிருந்தால் அதிகாரி ஒரு முறை பார்த்துவிட்டு மூடிவிடுவார். இல்லாவிட்டால் கறுப்பும் பழுப்புமாக இருக்கும் அந்தத் துண்டு என்ன விலங்கு என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். மாசி குறிப்பாக அப்படி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டையைப் போலக் காயவைத்தது அது. தெரியாதவர் கண்ணுக்கு அது மீன் என்றே தோன்றாது.

சுறாக் கருவாட்டை மட்டும் நான் விட்டுவிடச் சொல்வேன். அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இப்போது ஏராளமான சுறா இனங்கள் இருக்கின்றன. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய மாநாடு அந்தப் பட்டியலை இன்னும் பெரிதாக்கியது. காய்ந்த துண்டைப் பார்த்து இது எந்த இனம் என்று உங்களாலும் சொல்ல முடியாது, கடைக்காரராலும் சொல்ல முடியாது. பாலூட்டுகிற தாய்மாருக்குச் சுறாப்புட்டு என்று ஊரில் ஆசையோடு கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாகக் கட்டா, பாரை, நெத்தலி என்று கேட்டு வாங்குங்கள்.

கருவாட்டை எப்போதும் கையோடு எடுத்துச் செல்லும் பையில் வைக்காமல், பொதியாக அனுப்பும் சூட்கேஸிலேயே வையுங்கள். பக்கத்து இருக்கையில் பத்து மணி நேரம் உட்காரப்போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

இறங்கியபின்: இரண்டு வழிகளில் எது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான இடம்.

வேறு சில நாடுகளில் விமானத்திலேயே ஒரு அட்டை கொடுப்பார்கள். உணவு இருக்கிறதா, இறைச்சி இருக்கிறதா என்று அதில் கேட்டிருக்கும். பிரிட்டனுக்குள் வரும்போது அப்படி உணவைப் பற்றிக் கேட்கிற அட்டை எதுவும் நிரப்ப வேண்டியதில்லை. முன்பு குடிவரவுக்கு ஒரு அட்டை இருந்தது, அதையும் 2019 மே மாதம் எடுத்துவிட்டார்கள். யாரும் எதையும் கேட்பதில்லை என்பதால், சொல்ல வேண்டியதும் ஒன்றுமில்லை என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

உண்மையில் கேட்கிறார்கள். கேள்வி காகிதத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் பச்சை, சிவப்பு என்று இரண்டு வழிகள் இருக்கும். பச்சை வழியில் நீங்கள் காலை வைத்தால், "தடைசெய்த பொருளோ அறிவிக்க வேண்டிய பொருளோ என்னிடம் இல்லை" என்று வாக்குமூலம் கொடுத்தாகிவிட்டது. வாயைத் திறக்க வேண்டியதில்லை, நடந்தாலே போதும். அதன் பிறகு நிறுத்தி, பெட்டியில் இறைச்சி கண்டால், நீங்கள் பொய் அறிவிப்புச் செய்தவராகிவிடுகிறீர்கள். இறைச்சியைக் கண்டுபிடிக்கப் பழக்கிய மோப்ப நாய்களும் உண்டு. அம்மா எத்தனை சுற்றுச் சுற்றியிருந்தாலும் அவற்றுக்குப் பொருட்டில்லை.

ஆகவே வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஓர் ஓரமாக நின்று யோசியுங்கள். பின்னால் வருகிறவர்கள் தள்ளினாலும் நில்லுங்கள். இரண்டாம் குவியலில் உள்ளவை மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் பச்சையில் போகலாம். மூன்றாம் குவியலில் ஏதாவது இருந்தால் சிவப்பில் போங்கள். வீட்டில் யாராவது நமக்குத் தெரியாமல் எதையாவது செருகியிருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தாலும் சிவப்புதான். அந்தச் சந்தேகம் நம் வீடுகளில் எப்போதும் நியாயமானது.

சிவப்பு வழி என்றால் குற்றவாளிகள் போகிற வழி என்று ஒரு பயம் நம்மவர்களிடம் இருக்கிறது. விசாவில் ஏதாவது எழுதிவிடுவார்களோ, அடுத்த முறை விடமாட்டார்களோ என்று. அந்தப் பயம் தலைகீழானது. சிவப்பில் போய், "என்னிடம் உணவு இருக்கிறது, இது அனுமதிக்கப்பட்டதா என்று தெரியவில்லை" என்று சொல்கிறவர் சட்டப்படி சரியாக நடப்பவர். பார்டர் ஃபோர்ஸ் என்ற எல்லைக் காவல் துறையின் அதிகாரி பார்ப்பார். ஆகும் என்றால் கொடுத்துவிடுவார், ஆகாது என்றால் எடுத்து அழிக்க அனுப்பிவிடுவார். நீங்களே ஒப்படைத்த பொருளுக்குத் தண்டனை இல்லை. சில விமான நிலையங்களில் சிவப்பு வழியில் ஆள் நிற்க மாட்டார். அங்கே ஒரு தொலைபேசி இருக்கும், எடுத்துப் பேசினால் அதிகாரி வருவார். யாரும் இல்லையே என்று பச்சைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

சொல்லாமல் கொண்டுவந்து பிடிபட்டால், பெரும்பாலும் பொருள் போவதோடு முடியும். ஆனால் இங்கிலாந்தில் கடுமையான மீறலுக்கு 5,000 பவுண்டு வரை அபராதம் விதிக்க முடியும். மாணவராக வந்தவருக்கு அது ஒரு பருவத்துக்கான வீட்டு வாடகை.

விமானத்தில் கொடுத்த சாண்ட்விச்சைப் பிறகு சாப்பிடலாம் என்று பைக்குள் வைத்தீர்களா? இறங்கும் முன் சாப்பிடுங்கள், அல்லது இருக்கையிலேயே விட்டுவிடுங்கள். இறைச்சியோ பால்கட்டியோ வைத்த சாண்ட்விச்சும் இறைச்சியும் பாலும்தான்.

பாரிஸ் போய்த் திரும்புகிறவர்களுக்கு

லண்டன் தமிழருக்குப் பாரிஸ் பக்கத்து வீடு. மாமா, சித்தி, கூடப் படித்தவர் என்று யாராவது அங்கே இருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேருக்குப் போவோம். காலையில் ரயிலில் ஏறினால் மதியத்துக்குள் கார் து நோர் நிலையம். அங்கிருந்து நடந்தாலே லா சப்பல். ஃபோபூர் சாந்தெனித் தெருவில் இரண்டு பக்கமும் நம் கடைகள். திரும்பும்போது ஒரு பை நிறைய ரோல்ஸ், ஒரு பக்கம் ஆட்டிறைச்சி, பிள்ளைகளுக்கு பிரெஞ்சு பால்கட்டி என்று ஏந்தி வருவது பல ஆண்டு வழக்கமாக இருந்தது.

அந்த வழக்கம் 2025 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்தில் எருமைகளிடம் கோமாரி கண்டுபிடிக்கப்பட்டது. ஜெர்மனியில் 1988-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. மார்ச்சில் ஹங்கேரியிலும் ஸ்லோவாக்கியாவிலும் வந்தது. உடனே பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து பயணிகள் மாடு, ஆடு, செம்மறி, பன்றி இறைச்சியும் பாற்பொருள்களும் கொண்டுவருவதைத் தடை செய்தது. அடைத்து விற்றதா, சாண்ட்விச்சா, டூட்டி ஃப்ரீயா என்ற வேறுபாடு இதிலும் இல்லை.

ஊரிலிருந்து வருவதற்கும் பாரிஸிலிருந்து வருவதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாரிஸிலிருந்து கோழி இறைச்சி கொண்டுவரலாம், முட்டையும் கொண்டுவரலாம். ஊரிலிருந்து கோழி இறைச்சி கூடாது. லா சப்பலில் வாங்கும் ரோல்ஸில் எது ஆடு, எது கோழி என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே பையில் கலந்து வாங்காதீர்கள். மீன் ரோல்ஸ் வாங்கினால் எந்தக் கவலையும் இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் சுவையும்.

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் கடவுச்சீட்டுச் சோதனை பாரிஸ் நிலையத்திலேயே முடிந்துவிடும். அதோடு எல்லாம் முடிந்தது என்று தோன்றும். சுங்கம் அங்கே முடிவதில்லை. லண்டன் செயின்ட் பாங்கிராஸில் இறங்கி வெளியேறும்போது அது இருக்கிறது.

போகும்போதும் கவனம் வேண்டும். 2021 ஜனவரி முதல் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியோ பாலோ கொண்டுபோக முடியாது. அந்த மாதமே நெதர்லாந்தின் துறைமுகத்தில் இறங்கிய லாரி ஓட்டுநர்களின் மதியச் சாண்ட்விச்சை அதிகாரிகள் வாங்கிக்கொண்ட காட்சி தொலைக்காட்சியில் வந்தது. ரொட்டியையாவது விடுங்கள் என்று ஒருவர் கேட்டும் விடவில்லை. ஆகவே சித்திக்கென்று லண்டனில் ஆட்டுக்கறி சமைத்து எடுத்துப் போகாதீர்கள். அங்கேயே நல்ல இறைச்சிக் கடை இருக்கிறது. போய்ச் சமைத்துக் கொடுங்கள்.

அம்மா அப்பா வரும்போது

நாம் வருவதைவிட அவர்கள் முதல் முறையாக வரும்போதுதான் இந்தச் சிக்கல் பெரிதாகிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க வருகிறவர் வெறுங்கையோடு வருவாரா? மொழி புரியாத இடத்தில், சீருடை அணிந்த ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னால் அவர்கள் எவ்வளவு கலங்குவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் தலைமுறைப் பெற்றோருக்குச் சீருடை என்றாலே நெஞ்சு படபடக்கும். அதற்கான காரணம் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

அதனால் மூன்று வேலைகளை நீங்கள் செய்யுங்கள். ஒரு மாதம் முன்பே தொலைபேசியில் விதியைச் சொல்லுங்கள். "கொண்டுவராதே" என்று மட்டும் சொன்னால் மனம் நோகும். "ஆட்டிறைச்சி வேண்டாம், நெத்தலியும் மாசியும் கொண்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். புறப்படும் அன்று வீடியோ அழைப்பில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள உணவுகளின் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி, உங்கள் தொலைபேசி எண்ணையும் சேர்த்து, அவர்கள் கைப்பைக்குள் ஒரு தாளாக வைக்கச் சொல்லுங்கள். நிறுத்தினால் பேச வேண்டியதில்லை, தாளை நீட்டினால் போதும்.

தபாலில் அனுப்பிவிடலாம் என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். பார்சலுக்கும் இதே தடைதான். பார்சலில் வரும் இறைச்சியைத் திறந்து பார்த்துத் தூக்கி எறிவார்கள். எப்போது எறிந்தார்கள் என்றுகூட உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பிரட்டலின் சுவை இறைச்சியில் பாதிதான். மீதி அம்மா வறுத்து இடித்த தூளில் இருக்கிறது. அந்தத் தூளுக்கு எல்லையில் எந்தத் தடையும் இல்லை. நான் இப்போது இரண்டு கிலோ தூள் கொண்டு வருகிறேன். ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ ஹாரோவிலோ எலும்போடு வெட்டித் தருகிற கடையில் ஆட்டிறைச்சி வாங்குகிறேன். அம்மாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே சமைக்கிறேன். தண்ணீர் விடாதே, இறைச்சியின் தண்ணீரிலேயே வேகட்டும் என்று அங்கிருந்து சொல்வார்.

கடைசியாகப் பார்க்க வேண்டியவை

வேறு நாட்டுக்குப் போகிற உறவினருக்கு இதை அப்படியே பின்பற்றச் சொல்லாதீர்கள். ஆஸ்திரேலியாவின் விதிகள் முற்றிலும் வேறானவை. அங்கே எல்லா உணவையும் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். 2022-இல் பாலியிலிருந்து டார்வினுக்கு வந்த ஒருவர், காலை உணவாக வாங்கிய முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு மஃபின்களையும் ஒரு குரோசாங்கையும் எழுதாமல் பைக்குள் வைத்திருந்தார். 2,664 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டினார்.

பிரிட்டனின் விதிகளும் எங்கோ ஒரு மாட்டுக்குக் கொப்புளம் வந்தால் மறுநாளே மாறும். பாரிஸ் தடை அப்படித்தான் வந்தது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போது ஒரு முறையும், புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒரு முறையும் பிரித்தானிய அரசின் இணையதளத்தில் தனிப்பயன்பாட்டுக்கு உணவு கொண்டுவருவது பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். இலங்கையும் இந்தியாவும் ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே’ என்ற பகுதியில் வரும். அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ மீன் என்ற வரியை அதிகாரியிடம் காட்ட வேண்டி வந்தால் உதவும்.